கழிவு எப்படி வந்தது?

எங்கள் மென்பொருள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், கடைசியில் அது விவசாயியின் கைக்கு ஒரு துண்டாகத்தான் போகிறது. மில்லில் நெல்லை நிறுத்து முடிந்ததும் கொடுக்கிற துண்டு. மொத்த நிறை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு (சாக்குக்கும் ஈரத்துக்குமாக நிறையில் குறைப்பது), கிலோ விலை, கையில் கிடைக்கும் பணம். இந்தச் சில வரிகளைச் சரியாகவும் விளங்கும்படியும் அச்சடிப்பதற்காகத்தான், மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு நாங்கள் இத்தனை வருடமாக வேலை செய்கிறோம்.

தொழில் தொடங்கிய அனுபவத்தை எழுதுங்கள் என்று வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலீடு எடுப்பது எப்படி, கொழும்புக்குப் போகாமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். அதிலும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் எனக்கு உண்மையில் சொல்ல இருப்பது ஒரு கணக்கைப் பற்றி.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. மொரட்டுவையில் படித்தேன், கொழும்பில் வங்கி மென்பொருள் எழுதினேன், அப்புறம் ஊருக்கு வந்தேன். அப்பா காலத்தில் கதிரை அரிவாளால் வெட்டி, சூடு வைத்து (குவியலாக அடுக்கி), மிதித்து, தூற்றி, களத்தில் காயவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள். நெல் வீட்டுக்கு வரும்போது ஓரளவு காய்ந்திருக்கும். இப்போது வெட்டு மெசின் காலையில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கினால் பின்னேரம் லொறி மில் வாசலில் நிற்கிறது. நெல் ஈரமாகவே விலைப்படுகிறது. காயப்போட இடம் இல்லாதவர்கள் ரோட்டோரத்தில் பரப்புகிறார்கள். அதற்கும் ஆள் இல்லாதவர்கள் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே நெல்லின் விலையைவிட அதன் ஈரத்தைப் பற்றித்தான் மில் வாசலில் அதிகம் வாக்குவாதம் நடக்கிறது.

நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்தை அளவாக வைத்திருக்கிறது. தனியார் மில்களில் அனுபவசாலி ஒருவர் சாக்குக்குள் குத்தூசி விட்டு நாலு மணியை எடுத்து, பல்லால் கடித்துப் பார்த்து, "ஈரம், மூட்டைக்கு இவ்வளவு கழிவு" என்பார். அந்தக் கடியில் இருக்கிற அறிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மீட்டரை வைத்து நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவர்களில் சிலர் வியக்கத்தக்க அளவுக்குக் கிட்ட வந்தார்கள். ஆனால் அவருக்குத் தெரிந்தது எதிரே நிற்பவருக்குத் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.

சரி, அந்தக் கணக்கு. 20 சதவீத ஈரத்தோடு 1000 கிலோ நெல் வருகிறது என்று வையுங்கள். 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? வயலில் கேட்டாலும் வகுப்பில் கேட்டாலும் பெரும்பாலானோர் சொல்வது: 20 இல் 14 போனால் 6, ஆகவே 60 கிலோ கழியும், 940 நிற்கும். அது சரியில்லை. 1000 கிலோவில் 200 கிலோ தண்ணீர், 800 கிலோ காய்ந்த பொருள். காயும்போது போவது தண்ணீர் மட்டும். அந்த 800 அப்படியே இருக்கும். காய்ந்த பிறகு தண்ணீர் 14 பங்கு என்றால் மீதி 86 பங்குதான் அந்த 800. 800 ஐ 0.86 ஆல் வகுத்தால் 930 கிலோவும் கொஞ்சமும் வரும். கழிவு கிட்டத்தட்ட 70 கிலோ.

அதாவது நியாயமான கழிவு, விவசாயி மனதில் போட்டு வருகிற கழிவைவிடக் கூட. துண்டில் இதை அப்படியே எழுதினால் விவசாயிகள் எங்களைத்தான் திட்டுவார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பயந்தார்கள். மில்காரரின் பக்கம் நின்று கணக்குச் செய்த பிள்ளைகள் என்ற பெயர் வரும் என்றார்கள். சம்மாந்துறையில் எங்களோடு முதலில் சேர்ந்த மில்லின் முதலாளி ஹாஜியாருக்கு வேறு பயம். "இவ்வளவையும் காட்டினா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க மகள், லைன் நகராது" என்றார். அவரும் நல்ல மனிதர். அறுவடைக் காலத்தில் வாசலில் லொறி வரிசை நின்றால் அவருக்கு அந்த நாளே வீண்.

இரண்டு பயமும் நடக்கவில்லை. துண்டில் ஈர அளவு, தண்ணீர் எவ்வளவு, காய்ந்த பொருள் எவ்வளவு, 0.86 ஆல் வகுத்தது எல்லாம் வரிவரியாக வந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு ஐயா அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னிடம் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "கூடக் கழிச்சாலும் பறவாயில்ல மகள். எப்படிக் கழிச்ச எண்டு தெரிஞ்சாக் காணும்."

நான் கட்டியெழுப்ப நினைத்த நிறுவனம் என்ன என்பதை அந்த ஐயா எனக்குச் சொல்லித் தந்தார். நாங்கள் விற்பது வேகமோ வசதியோ இல்லை. வழி தெரிகிற கணக்கு. கணிதப் பரீட்சையில் விடை பிழைத்தாலும் வழிக்குப் புள்ளி கிடைக்கும், விடை மட்டும் எழுதியிருந்தால் சந்தேகம் வரும் அல்லவா, அதே மாதிரி. அதற்குப் பிறகு எங்கள் வேலையில் எந்தத் தீர்மானம் எடுத்தாலும் இதை வைத்துத்தான் எடுக்கிறோம்.

இது நல்ல கொள்கையாகக் காதில் விழும், ஆனால் செய்து பார்த்தால் முழுக்க முழுக்கப் பொறியியல் தலைவலி. தராசைச் சொல்கிறேன். தராசின் அடியில் இருக்கிற லோட் செல் என்பது உலோகத் துண்டு ஒன்று. பாரம் ஏறும்போது மிக நுண்ணிய அளவில் வளையும், அதில் ஒட்டியிருக்கிற கம்பியின் மின்தடை மாறும், அதை எண்ணாக்கி ஒரு பெட்டி ஆர்.எஸ்-232 கேபிள் வழியாக எங்களுக்கு அனுப்பும். மில் ஓடும்போது நிலமே அதிர்கிறது. எண் நிற்காது: 68.2, 68.6, 68.3. நாங்கள் கடைசியாக வந்த அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கிறோம். வித்தியாசம் ஒரு எல்லைக்குள் வந்தால்தான் பதிவோம். கணக்குக்கு அது போதும். ஆனால் விவசாயி பார்க்கிற பெரிய பலகையில் 68.6 ஓடிக்கொண்டிருக்கும்போது துண்டில் 68.3 வந்தால்? கணக்குச் சரி, நம்பிக்கை போய்விடும். அதனால் பதிந்த கணத்தில் பலகையும் அந்த எண்ணிலேயே நிற்க வேண்டும், அடுத்த மூட்டை ஏறும் வரை. இந்தச் சின்ன விஷயத்துக்காகப் பலகையின் உள்மென்பொருளையே மாற்றி எழுதினோம்.

ஈர மீட்டர் இன்னும் பொல்லாதது. அது ஈரத்தை நேரே அளப்பதில்லை. நெல்லின் மின் குணத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணிக்கிறது. வெயிலில் கிடந்து சூடேறிய நெல்லும் நிழலில் ஆறிய நெல்லும் ஒரே ஈரத்தில் இருந்தாலும் வேறு வேறு எண் காட்டும். இனத்துக்கு இனமும் மாறும். சம்பாவுக்குச் சரியாக வைத்தது நாட்டு நெல்லுக்குப் பொருந்தாது. உண்மையான அளவு வேண்டுமானால் நாங்கள் நம்புகிற வழி இதுதான்: மாதிரியை நிறுத்து, அடுப்பில் வைத்துத் தண்ணீர் முழுக்கப் போகும்வரை உலர்த்தி, திரும்ப நிறுப்பது. எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன ஓவன் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கம்பியூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஓவனுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். கணினி படித்துவிட்டு வந்து நெல் வறுக்க வேண்டியிருக்கிறதே என்று முகம் சுருங்கியவர்கள் உண்டு. மீட்டர் காட்டியதற்கும் ஓவன் காட்டியதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அவர்களே கொப்பியில் எழுதிய பிறகு அந்த முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

துண்டை அச்சடிப்பதும் தனிக் கதை. கடைகளில் பார்க்கிற சின்ன வெப்ப அச்சு இயந்திரங்களுக்குத் தமிழ் தெரியாது. அவை ஒரு குறியீட்டுக்கு ஒரு எழுத்து என்று வரிசையாக அடிப்பவை. 'கொ' என்று எழுதினால் கணினிக்குள் முதலில் 'க', பிறகுதான் ஒகரக் குறி. ஆனால் கண்ணுக்கு ஒற்றைக் கொம்பு முன்னால் வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியையும் நாங்களே படமாக வரைந்து அனுப்புகிறோம். 58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகிற அகலம் 384 புள்ளிகள். அதற்குள் 'ணை'யும் 'னை'யும் வேறாகத் தெரிய வேண்டும், அறுபது வயதுக் கண்ணுக்கு. அச்சும் கைகொடுக்கவில்லை, தாளும் கைகொடுக்கவில்லை. சட்டைப் பையில் வியர்வையும் வெயிலும் பட்டு வெப்பத்தாள் மங்கிப்போனது. கடன் கட்டும்போது காட்டவேண்டிய துண்டு வெறும் தாளாக இருந்தால் என்ன பிரயோசனம்? இப்போது பெரிய மில்களில் பழைய காலத்து ஊசி அச்சு இயந்திரம்தான் வைக்கிறோம், 24 ஊசி உள்ளது, கார்பன் பிரதியோடு. சத்தம் போடும். ஆனால் எழுத்து நிற்கும்.

குறுஞ்செய்தியும் அனுப்புகிறோம். இங்கே தமிழுக்குத் தனியாக ஒரு வரி கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்தென்றால் 160 அடங்கும். தமிழ் என்றால் 70. அந்த 70 உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை: 'மூட்டை' நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு. நீண்ட செய்தியை உடைத்து அனுப்பினால் துண்டுக்கு 67 ஆகக் குறையும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புங்கள், செலவு பாதியாகும் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். இளைஞர்கள் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்றார்கள். எங்கள் துண்டை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள் இல்லை. சொற்களைக் குறைத்தோம், எண்களை முன்னுக்குக் கொண்டுவந்தோம், தமிழை விடவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரண்டும் சிக்னலும் இல்லாமலே எல்லாம் ஓடவேண்டும் என்ற முடிவை எங்களுக்கு எடுத்துத் தந்தது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பற்றரி இறங்கினால் தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். அதற்கு முந்தைய வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் விளைச்சலும் விழுந்திருந்தது. இருக்கிற கொஞ்ச நெல்லையாவது ஒழுங்காக நிறுக்க வேண்டுமே என்ற தவிப்பு எல்லோருக்கும். எல்லாப் பதிவும் முதலில் மில்லில் இருக்கிற கருவியிலேயே எழுதப்படும், தொடர்பு வந்தால் மேலே போகும். அதே வருடம் ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் வந்தது. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் கூட அதை அச்சடித்து லமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்ததைப் பார்த்துத்தான் எங்கள் துண்டிலும் ஒரு கியூஆர் போட்டோம். அது இணையத்துக்குப் போகிற முகவரி இல்லை. நிறையும் ஈரமும் கழிவும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். மகனோ மகளோ தங்கள் போனில் பிடித்தால் டேட்டா இல்லாமலே கணக்குத் திறக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மாதச் சந்தா இங்கே சரிவரவில்லை. பெரும்போகம் வெட்டும் காலத்தில்தான் மில்லிலும் வீட்டிலும் கையில் காசு இருக்கும். குளத்துத் தண்ணீர் பாய்கிற பக்கங்களில் சிறுபோகமும் உண்டு. மானாவாரிப் பக்கங்களில் அந்த ஒரு போகம்தான். ஆகவே போகத்துக்கு ஒரு தடவை வாங்குகிறோம். மாத வருமானத்தைக் காட்டச் சொன்ன ஒரு முதலீட்டாளரிடம் இதை விளக்கினேன். அவருக்குப் பிடிக்கவில்லை, போய்விட்டார். சம்பளத்தை மாதம் மாதம் கொடுத்தாக வேண்டும் என்பதால் இடைப்பட்ட மாதங்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கிறோம். அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

கற்றலைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். போன போகத்துக்கு முன், ஈரக் கழிவுக் கணக்கைப் புதிய கருவிக்கு மாற்றி எழுதும் வேலையைப் பயிலுநர் தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டார். ஏஐ எழுதித் தந்தது. அழகான நிரல். சோதனைகளும் சேர்த்து எழுதியிருந்தது, எல்லாம் பச்சை, அதாவது சரி என்றது. 1000 கிலோ, 20 சதவீதம் என்று கொடுத்தேன். 940 வந்தது.

"ஏன் 60 கழியுது?" என்று கேட்டேன். "20 இல் 14 போனா 6 அக்கா" என்றார். சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்றேன். நிரலை எழுதியதே சோதனையையும் எழுதியது. இரண்டிலும் ஒரே நினைப்பு. தம்பி அந்த இடத்தில் அமைதியாகிவிட்டார். பலகைக்கு வரச் சொன்னேன். ஒரு பெட்டி வரைந்து, தண்ணீர் இவ்வளவு, நெல் இவ்வளவு என்று தமிழிலேயே சொல்லச் சொன்னேன். தண்ணீர் மட்டும்தான் போகும் என்று தன் வாயால் சொன்ன கணத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. "மறுகா நான் எழுதுறன் அக்கா" என்று இருந்து, தானே எழுதி, ஓவன் கொப்பியில் இருந்த எண்களை வைத்துச் சோதித்தார். இன்றைக்கு எங்கள் கருவிகளில் ஓடுவது அவருடைய நிரல்.

ஏஐ கருவிகளை நான் தடுக்கவில்லை. நானே தினமும் பாவிக்கிறேன். தெரியாத ஒரு நூலகத்தின் ஆவணத்தை அரை மணி நேரத்தில் விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல துணை இல்லை. குறுஞ்செய்தியில் கட்டிய வரியை அங்கேயும் தமிழுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது: தமிழைப் பல ஏஐ மாதிரிகள் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் துண்டுகளாக உடைத்து எண்ணுகின்றன, செலவும் கூடுகிறது. அது மாறும் என்று நம்புகிறேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. யார் எழுதித் தந்ததாக இருந்தாலும், கணக்கு எப்படி வந்தது என்று பலகையில் நின்று சொல்ல முடியாத நிரல் மில்லுக்குப் போகாது. விவசாயிக்குத் துண்டில் கொடுக்கிற வழியை, அதை எழுதியவரே அறியாமல் இருந்தால் அது எங்கே நியாயம்?

பலகையில் தமிழில் சொல்வதைப் பற்றி வெட்கப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்ட சொற்களை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொன்னால் விளங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரிவதில்லை. சம்மாந்துறைக்குப் போகும்போது காரைதீவுச் சந்தியில்தான் உள்ளே திரும்ப வேண்டும். 1892 இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்த ஆள். பிறகு 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். வழக்கொழிந்த யாழை மீட்க அவர் பாட்டுகளை மட்டும் நம்பி இருக்கவில்லை. சுரங்களுக்கிடையிலான விகிதங்களைக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, மற்றவர்கள் சரிபார்க்கும்படி வைத்துவிட்டுப் போனார். கணக்கும் தமிழும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. புதிதாக யார் வந்தாலும் முதல் மில் பயணத்தில் இந்தக் கதையை நான் சொல்வேன். கேட்டுக் கேட்டு எங்கள் வான் டிரைவருக்குப் பாடமாகிவிட்டது.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பதர், கல், வைக்கோல் துண்டு இவற்றுக்காகப் போடுகிற கழிவு. நிறைக்குத் தராசு உண்டு, ஈரத்துக்கு மீட்டர் உண்டு. இதற்குக் கண்தான். எங்கள் துண்டிலேயே வழி இல்லாமல் நிற்கிற ஒரே வரி அது. கமெராவால் படம் பிடித்துப் பதரை எண்ணலாம் என்று எங்கள் பிள்ளைகள் ஒரு ஏஐ மாதிரி செய்து காட்டினார்கள். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது ஏன் அந்த எண்ணைச் சொன்னது என்று வாசலில் நிற்கிற ஒருவருக்கு என்னால் விளக்க முடியாது. அதனால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, சல்லடையும் சின்ன ஊதுகுழாயும் கொண்ட ஒரு பெட்டியைச் செய்கிறோம். விவசாயி தன் கையாலேயே ஒரு கிலோ நெல்லை எடுத்துப் போட வேண்டும். சலித்து ஊதி, மிஞ்சுவதையும் பறந்ததையும் அவர் கண் முன்னால் தனித்தனியாக நிறுக்கும்.

ஹாஜியார் தன் மில்லில் ஒரு பெட்டி வைக்கச் சம்மதித்திருக்கிறார். வரிசை நகராது என்று இந்த முறையும் சொன்னார். ஒரு மாதிரியை எடுத்து நிறுத்து முடிக்க இப்போது ஆகிற நேரம் உண்மையிலேயே அதிகம்தான். அதைப் பாதியாகக் குறைத்தால்தான் பெரும்போகத்தில் தாங்கும். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறோம்.